கிணற்றடி இன்ஜினும் வெடியுப்புச் சாக்கும்

ஏலே அய்யா,

அந்த இன்ஜின் ஓடியது. நீ இருந்து பார்க்கவில்லை என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ வரப்பைத் தாண்டிப் போன பிறகும் அது நிற்கவே இல்லை. ஊற்றிய டீசல் தீரும் மட்டும் ஓடிவிட்டுத்தான் நின்றது. நிறுத்தும் விதத்தை நீ எனக்குச் சொல்லித் தரவில்லை. ஓட்டுவதைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, நிறுத்துவதைப் பற்றி யார் நினைத்தார்கள்? மிளகாய்ப் பாத்தி எல்லாம் நிரம்பி, வரப்பு உடைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துப் பெரியசாமி அண்ணன் விதைத்திருந்த மல்லிக்குள் தண்ணீர் போய்விட்டது. அவர் மண்வெட்டியோடு வந்து என்னைக் கண்டபடி ஏசினார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அதனால் இன்னும் கொஞ்சம் ஏசினார்.

திருப்பூரில் உன் மாமா மகன் அறையில் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். செல்லை அணைத்து வைத்திருக்கிறாய். அணைத்த செல்லுக்கு எத்தனை தடவைதான் போட்டுப் பார்ப்பது? பனியன் கம்பெனிக்குத் திரும்பிப் போகிற நம் தெருப் பையன் இன்றைக்கு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்பத்தான் இந்தக் கடுதாசி. நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக இருந்தால் படிப்பைக் குறை சொல்லாதே, உட்கார முடியாததுதான் காரணம். கொஞ்சம் எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், பஸ் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன், திரும்ப வந்து விட்ட இடத்தைத் தேடுகிறேன். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்த வீடுகளிலெல்லாம் மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். ஆர்டர் விஷயமாக வெளியூர் போயிருக்கிறான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் நீ எதற்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். இன்ஜின் ஓடிய அன்று சாயங்காலம் சோற்றில் கை வைக்காமல் எழுந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நீ சொன்னாயே, “பெத்த தாயவே விட்டுட்டு ஓடுனவன் நான். நாளைக்கு அந்தப் பிள்ளையவும் விட்டுட்டுத்தான் ஓடுவேன். எனக்குக் கல்யாணம் வேணாம்”, அதைத்தான் நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது பெரிதாக இருந்ததால் வாய் திறக்கவில்லை. நீ விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாய்.

அந்த இன்ஜின் நம் வீட்டுக்கு வந்தபோது நீ கைப்பிள்ளை. தூத்துக்குடியில் போட்காரர்கள் பெரிய இன்ஜினுக்கு மாறிக்கொண்டு பழையதைத் தள்ளிவிடுகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, உன் அப்பா பட்டாசு இறக்கப் போன லாரியில் தொற்றிக்கொண்டு போய்ப் பிடித்து வந்தார். நம் கிணற்றுக்குக் கரண்டு கேட்டு எழுதிப் போட்டிருந்தோம், நம் முறை வரவில்லை. முறை வருகிறபோது வரட்டும், அதுவரைக்கும் மழை காத்திருக்குமா என்றார். லாரியில் இருந்து இறக்கும்போது ஊரே கூடிவிட்டது. உப்புக் கரித்து, பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, மீன் வாடை அடித்தது. பூனைகள் சுற்றிச் சுற்றி வந்தன. கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் வாங்கியாந்திருக்கான் என்று உன் அப்பாவைக் கேலி செய்து, கடைசியில் அவர் பெயரே கப்பல்காரர் என்றாகிவிட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். அது ஓடினால் ஆனைக்குட்டம் அணைக் கரை வரைக்கும் சத்தம் கேட்கும். பட்டாசுக் கம்பெனியில் நான் வேலைக்கு நிற்கும்போதே அந்தச் சத்தம் காதுக்குள் அடித்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும்.

பிறகு கிணறு வற்றியது. தண்ணீர் வரும்வரை இருக்கட்டும் என்று உன் அப்பா இன்ஜினுக்கு எண்ணெய் தடவி, புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டும், அணில் குடியேறும் என்று வாயை அடைத்து, தகரம் போட்டு மூடினார். அடுத்த மழைக்கு அவர் இல்லை. நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆட்டைக் கட்டுவதற்கு மட்டும் உதவியது, கோழி அதன் அடியில் முட்டையிட்டது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடச் சொல்லி உன் மாமாகூட ஆள் அனுப்பினார். போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கோபமாக வரும்.

இந்த வருஷம் மழை அடித்துக் கொட்டிக் கிணறு பாதிக்கு மேல் நிறைந்ததும் நீ வந்து, “எம்மா, கலியாணத்துக்கப்புறம் நான் வெடிமருந்துக்குள்ள கை வைக்க மாட்டேன். தோட்டத்தப் பாப்போம்” என்று சொன்னாய் பார், அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடே தேவைப்படவில்லை. எத்தனை வருஷமாக அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தேன் தெரியுமா? தீபாவளி சீசன் முடிந்த மறுநாளே நாம் தகரத்தைத் தூக்கிவிட்டோம். சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினால் மலை மாதிரி நின்றது. உள்ளே பிஸ்டன் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்றாய். மேலே ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறப் போட்டோம். தினமும் காலையில் போய் ஊற்றுவதும், சாயங்காலம் போய்ச் சக்கரத்தை அசைத்துப் பார்ப்பதுமாக இருந்தோம். உனக்குப் பொறுமை இல்லை. எனக்கு உன்னைவிட இல்லை. நீ சம்மட்டி எடுத்தாய், நான் பிடுங்கி எறிந்தேன். இரும்பின் மேல் இரும்பை அடித்தால் பொறி பறக்கும், உனக்குத் தெரியாதா? மருந்து வேலை பார்த்த வீட்டில் பித்தளைக் கம்பியும் மரக்கொட்டாப்புளியும்தான் ஆயுதம். அவற்றை வைத்துத்தான் தட்டினோம். பெரியசாமி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, இதென்ன இன்ஜினுக்குத் தாலாட்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு நாள் சாயங்காலம் சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. நீ எழுந்து நின்று என்னைப் பார்த்தாய், உன் அப்பா சிரிக்கிற மாதிரியே சிரித்தாய். அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. டேங்கில் இருந்த டீசல் பசை மாதிரி உறைந்து கிடந்தது, சுரண்டி எடுத்தோம். தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் கடல் உப்புப் படிந்து கல்லாகியிருந்தது. கடையில் ஏதோ ஆசிட் வாங்க வேண்டும் என்றாய், நான் பழம்புளியைக் கரைத்து ஊற்றி வைத்தேன். பித்தளைக் குத்துவிளக்கில் வேலை செய்வது இதில் செய்யாதா என்று பார்த்தேன், செய்தது. நீ திருத்தங்கலில் பட்டறை பட்டறையாக அலைந்து வாசரும் ரப்பரும் தேடி வந்தாய். குளிர்ந்து கிடக்கிற இன்ஜின் லேசில் பிடிக்காது, காற்று இழுக்கிற வாயில் எரிகிற துணியைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும் என்று பெரியசாமி அண்ணன் யோசனை சொன்னார். நீயும் நானும் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மனுஷர் பேசாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். தீக்குச்சி கூட இல்லாமல்தான் ஓட்டுவோம் என்பதில் நமக்கு அவ்வளவு பிடிவாதம். நெருப்பு பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்ற திமிரும்தான்.

அந்தத் திமிருக்குத்தான் பதில் புகைக்குழாய்க்குள் இருந்தது. உன் அப்பா அடைத்திருந்த சாக்கை நீ பிடித்து இழுத்தாய், மக்கிப்போய்ப் பாதி கிழிந்து வந்தது, மீதி வளைவுக்குள் தங்கிவிட்டது. கம்பியை விட்டுக் குடைந்து பார்த்தாய், காற்று போக வழி இருக்கிறது, மிச்சத்தை இன்ஜினே ஊதித் தள்ளிவிடும் என்றாய். நானும் சரி என்றேன். வேறு ஊரில் என்றால் அது வெறும் சாக்கு. நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கிற சாக்கு எது? கம்பெனியில் வெடியுப்பு வந்து இறங்குகிற சாக்குதானே. நெல் கட்டுகிறோம், வாசலில் மிதியடியாகப் போடுகிறோம், மாட்டுக்குப் போர்த்துகிறோம். எத்தனை கழுவினாலும் நூலுக்குள் ஊறிய உப்பு போகுமா? பொறி பட்டால் மருந்து மாதிரியே சீறும். எத்தனையோ வருஷம் மருந்தில் கை வைத்த மூன்று பேரில் ஒருவர் அதை அடைத்தார், இரண்டு பேர் அதை உள்ளேயே விட்டோம். ஒருவருக்கும் புத்தியில் உறைக்கவில்லை. பழக்கம் அப்படிக் கண்ணை மறைக்கும். நீ மட்டும் தப்புச் செய்தது போல நினைக்காதே.

அன்று காலை நீ கைப்பிடியைச் சுற்றினாய். நீ சொன்னதும் நான் மேலே இருந்த லிவரைத் தட்ட வேண்டும். சுற்றிச் சுற்றி உன் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் ‘இப்ப’ என்று கத்தினாய், தட்டினேன். இன்ஜின் ஒரு தடவை விக்கியது, இரண்டு தடவை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. எனக்கு வாயெல்லாம் பல். அதற்குள் குழாய்க்குள் சீறல் கேட்டது. அந்தச் சீறலை நம்மைப் போன்றவர்களுக்கு விளக்க வேண்டாம். குழாய் வாயில் இருந்து வெள்ளை வெளிச்சம் ஆள் உயரத்துக்குப் பாய்ந்தது, டப்பென்று ஒரு சத்தம், எரிகிற சாக்குத் துண்டுகள் வரப்பெல்லாம் விழுந்தன. நான் திரும்பிப் பார்க்கும்போது நீ இருந்த இடத்தில் நீ இல்லை. கைப்பிடி கீழே கிடந்தது. நீ வரப்பைத் தாண்டி, முள்வேலியைத் தாண்டி, சட்டை கிழிந்ததுகூடத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தாய். நான் நின்றேன். தைரியத்தால் நின்றேன் என்று நினைக்காதே, கால் மரத்துவிட்டது, அவ்வளவுதான். முந்தானையில் ஒரு பொறி விழுந்து கருகியதோடு சரி. சாக்கு எரிந்து முடிந்ததும் புகைக்குழாய் சுத்தமாகி இன்ஜின் நல்ல சீராக ஓடத் தொடங்கியது. பம்புக் குழாயில் தண்ணீர் கொட்டியது. உன்னைக் கூப்பிட்டேன், அந்தச் சத்தத்தில் உனக்கு எங்கே கேட்கும்?

மல்லிக்குள் தண்ணீர் போன ஆத்திரத்தில் பெரியசாமி அண்ணன் டீக்கடையில் கதையை அளந்துவிட்டார். தாயை விட்டுவிட்டு ஓடின மாப்பிள்ளை என்று யாரோ சிரித்ததை நீ கேட்டிருக்கிறாய். சாயங்காலம் வந்தவன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சை விடு, டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும்? எனக்கு ஆத்திரம் உன் மேல்தான். நீ ஓடியதற்கு அல்ல, ஓடியதற்கு வெட்கப்பட்டதற்கு. அந்த ஓட்டத்தை உன் காலில் போட்டது யார் என்று மறந்துவிட்டாயா?

உனக்கு ஆறேழு வயசு இருக்கும். நீ சாப்பிட்டுக்கொண்டிருப்பாய், விளையாடிக்கொண்டிருப்பாய், பாதித் தூக்கத்தில் இருப்பாய், நான் திடீரென்று ‘தீ’ என்று கத்துவேன். நீ எழுந்து தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓட வேண்டும். செருப்பு மாட்டக் கூடாது, புத்தகப் பை எடுக்கக் கூடாது, பின்னால் திரும்பவே கூடாது. திரும்பினால் அடி. தெருவில் எல்லாரும் என்னைக் கிறுக்கச்சி என்றார்கள். புருஷன் போன ஏக்கத்தில் பிள்ளையைப் போட்டு வதைக்கிறாள் என்று என் காதுபடவே பேசினார்கள். ஒரு நாள் நீ வாசற்படியிலேயே நின்றுவிட்டாய். என்னைப் பார்த்து, “நீயும் வாம்மா” என்று அழுதாய். அதற்கும் அடித்தேன். வேறு எதற்கும் உன்னை அப்படி அடித்ததில்லை. அடித்துவிட்டு அடுப்படியில் போய் நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டாம். அதற்குப் பிறகு நீ நின்றதே இல்லை. இருபது வயசைத் தாண்டிய பிறகும் உன் கால் அதை வைத்திருக்கிறது என்பதை அன்று கிணற்றடியில் கண்ணால் பார்த்தேன்.

நேற்று உனக்குப் பேசியிருக்கிற கனி வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் இப்படித் தனியாக வருவது முறையில்லைதான், பிரஸ்ஸில் காலண்டர் வேலை சீக்கிரம் முடிந்தது, ஜாக்கெட் அளவு கேட்க வந்தேன் என்று ஒரு சாக்கு சொன்னாள். அளவைப் பற்றிப் பேசவே இல்லை. இன்ஜினைப் பார்க்கணும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். குழாயைத் தொட்டுப் பார்த்தாள், கரி ஒட்டிய விரலைத் தாவணியில் துடைத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அத்தே, அவுக ஓடுனது நெசமா?”

“நெசந்தான்.”

“திரும்பிப் பாத்தாகளா?”

“இல்லம்மா.”

அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். “எங்கம்மா கம்பெனிக்குப் போயிட்டு வீடு வந்து சேர்ற வரைக்கும் இன்னிக்கும் எனக்குச் சோறு எறங்காது அத்தே. எனக்கு ஓடத் தெரிஞ்ச ஆளுதான் வேணும். வரச் சொல்லுங்க” என்றாள். ஏன் அழுகிறீர்கள் என்று அவள் கேட்டதற்குப் புகை என்று சொன்னேன். இன்ஜின் அப்போது ஓடவே இல்லை. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. புத்தியுள்ள பிள்ளை, உனக்கு அதிகம்தான்.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். கம்பெனி தீப்பிடித்த அன்று உன் அப்பா தப்பிக்க முடியாமல் போய்விட்டார் என்றுதான் உன்னிடம் சொல்லி வளர்த்தேன். அது பொய். அன்று அவர் வெடி காயப்போடும் களத்தில் நின்றார், நான் ஷெட்டுக்குள் திரி மடக்கிக்கொண்டிருந்தேன். முதல் வெடிச்சத்தம் கேட்டதும் அவர் ஓடி, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் கேட்டுக்கு வெளியே போய்விட்டார். நான் பின்வாசல் வழியாக ஓடி, கருவேலங்காட்டை ஒட்டிய ஓடைக்குள் குப்புற விழுந்து கிடந்தேன். கம்பெனியில் சொல்லித் தந்தபடி முகத்தைத் தூக்கவில்லை. அவர் கேட்டில் நின்று, வெளியே வருகிற ஒவ்வொரு பொம்பிளையையும் பிடித்து என்னைக் கேட்டிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை. நான்தான் அந்தப் பக்கம் வரவே இல்லையே. அதனால் உள்ளே போனார். அடுத்த ஷெட் அப்போதுதான் பிடித்து வெடித்தது. அந்தச் சத்தத்தை நான் ஓடைக்குள் கிடந்தபடி கேட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். யாருக்கு ஆனது என்று எனக்கு அப்போது தெரியாது.

எவ்வளவு பாசம் பார், பொண்டாட்டிக்காக உயிரைக் கொடுத்தான் என்று ஊர் சொல்கிறது. எனக்கும் அந்தப் பாசம் தெரியும். தெரிந்தும் அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் நிற்காமல் ஓடியிருந்தால் இன்று கிணற்றடியில் மூன்று பேரும் கரிப்பிடித்த கையோடு சண்டை போட்டுக்கொண்டிருப்போம். நீ வேலியைத் தாண்டியபோது, சாக்குத் துண்டு என் காலடியில் எரிந்துகொண்டிருக்கும்போதே, என் வயிறு குளிர்ந்தது. உன்னை மன்னிக்க இதில் என்ன இருக்கிறது?

தெருப் பையன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான், அவசரப்படுத்துகிறான். கல்யாணத்துக்கு முன்னால் வந்து சேர். மருந்து வேலையை நீ விட்டாலும் நாம் இந்த ஊரில்தான் இருக்கப் போகிறோம், சுற்றிலும் கம்பெனிதான். அதனால் தாலி கட்டின அன்றைக்கே நீயும் கனியும் உட்கார்ந்து ஒரு இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நெருப்பு பிடித்தாலும், யார் எந்த வாசல் வழியாக ஓடினாலும், கடைசியில் ரெண்டு பேரும் வந்து நிற்கிற இடம். அங்கே வராதவரைத் தேடி மற்றவர் உள்ளே போகாமல், அங்கேயே காத்திருக்கிற இடம். நானும் உன் அப்பாவும் அதைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அம்மா